கப்பலில் இருக்கும் அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே சோறும் தூக்கமும் வேளை தவறாமல் கிடைப்பதால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ, அம்மா, அப்பா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

ஒரு செய்தி, சொன்னால் சிரிப்பாய். உன் அண்ணன் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டான். ஜெயிலுக்குள்ளேயே வகுப்பு. வாரம் ஒரு முறை வெளியிலிருந்து ஓர் ஆசிரியை வருகிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரை ரிப்பேர் கையேட்டைத் தவிர எதையும் புரட்டாதவன் நான். அதையாவது ஒழுங்காகப் படித்து, கயிற்றைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த லிஃப்ட் விழுந்திருக்காது, உள்ளே இருந்தவர்கள் செத்திருக்க மாட்டார்கள், நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். அது போகட்டும்.

பாடமாக வைத்திருப்பது ஒரு பழைய வெளிநாட்டு நாவல். முழுக்க முழுக்கக் கல்யாணப் பேச்சு. ஒரு பெண்ணைக் கேட்டு ஒரு பண்ணையார், ஒரு வக்கீல், ஒரு குதிரை வைத்தியர் என்று மூன்று பேர் வருகிறார்கள். யாருக்குச் சரி என்றாள், யாரை வேண்டாம் என்றாள் என்பதுதான் கதை. திருடினவன், அடிதடியில் மாட்டினவன், கையாடல் செய்த கணக்கர் என்று இத்தனை ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம்! அவள் பெயர் வாயில் நுழையாததால் எல்லோரும் ‘மகராசி’ என்று கூப்பிடுகிறோம். “பண்ணையாருக்கே குடுத்துடலாம்ப்பா, சொத்து இருக்குல்ல?” என்றார் கணக்கர். ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் கடிதங்களைப் படித்து முத்திரை குத்தும் அதிகாரிகூட, “மகராசி என்ன ஆச்சு?” என்று கேட்கிறார். (ஐயா, படிக்கிறீர்களா? வணக்கம்.)

உன்னைக் கேட்டு யாராவது வந்தார்களா? வந்தால் மறைக்காமல் எழுது. இந்த விஷயத்தில் இப்போது நான் கரைகண்டவன். அப்பா இன்னும் என் பேச்சையே எடுப்பதில்லையா?

பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்

மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மழைக்கு ஒரு பாட்டும் வெயிலுக்கு ஒரு பாட்டும் பாடுகிறது. அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார்.

நீ படிக்கும் நாவலை நானும் நூலகத்தில் தேடி எடுத்துவிட்டேன். பஸ்ஸில் படிக்கிறேன். மகராசி நல்ல பெண்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். பண்ணையாரை அப்படி முகத்தில் அடித்தாற்போல் அனுப்பியிருக்க வேண்டாம்.

என் வேலை அதே பல் லேப்தான். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது, இறுகியதும் மெழுகில் பல் வரிசை வைப்பது. முகம் தெரியாத வாய்களோடு நாள் முழுக்கக் குடித்தனம். போன வாரம் வந்த ஒரு பெண்மணியின் அச்சோடு, ‘முன்பல் ஒன்று பழையபடி கோணலாகவே இருக்கட்டும்’ என்று டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். “காசு குடுத்துக் கோணப்பல் கேக்கறாங்க, பாரு” என்று முதலாளி சிரித்தார். எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துவிட்டது. கோணலை அப்படியே வைத்தேன்.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. லேப் முகவரிக்கே எழுது. தபால்காரர் புதியவர், எல்லாவற்றையும் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். முத்திரையோடு வரும் உறை அங்கே கிடப்பது நன்றாக இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

கேட்டு யாரும் வரவில்லை. எனக்கு என்ன அவசரம்?

வேளைக்குச் சாப்பிடு. அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்
தங்கச்சி

மார்ச் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். ஒரு சளி வந்து போனது, அவ்வளவுதான். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் எழுது. கீழ் வீட்டுக்காரர்களின் கண்ணில் என் முத்திரை படாமல் லேப்புக்கே எழுதுகிறேன். உன் முதலாளிக்கும் என் வணக்கத்தைச் சொல். பல் வேண்டியிருந்தால் வருவேன்.

நேற்று வகுப்பில் ரகளை. வக்கீல் வரும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். மகராசிக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. அவளுடைய அப்பா கையாடல் செய்து உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. தோட்டத்தில் வைத்து அவளே சொல்லிவிடுகிறாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு, மழை வரும் போலிருக்கிறது என்று கிளம்பிவிடுகிறான்!

“லூசுப் பொண்ணு, தாலி ஏறுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?” என்று கணக்கர் கத்தினார். எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று பேசினேன். உண்மை தெரிந்து போகிறவன் போகட்டும், மூடி வைத்துக் கட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க மூடியைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும் என்றேன். உள்ளே இருக்கும் அப்பனைப் பற்றிய கதை, கேட்டவர்கள் எல்லோரும் உள்ளே இருப்பவர்கள். ஆசிரியை அதையே கட்டுரையாக எழுதித் தரச் சொல்லிவிட்டார்.

உன் கருத்து என்ன? மகராசி சொன்னது சரிதானே? நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும்.

அண்ணன்

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. லேப்பில் வேலை அதிகம். எல்லோரும் நலம். உன் சளி போய்விட்டதா?

நாவலைப் படித்து முடித்துவிட்டேன். குதிரை வைத்தியர் எல்லாம் தெரிந்தும் வந்து கேட்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணா, வக்கீல் போனால் வைத்தியர் வருவார் என்று எழுதியவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? மூன்றாவது ஆளைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதியவர் அவளை அவ்வளவு தைரியமாகப் பேச வைக்கிறார். எல்லோர் வீட்டு வாசலிலும் அப்படி வரிசை நிற்பதில்லை.

உன் கட்டுரை நன்றாக வரட்டும்.

இன்னொரு விஷயம். அப்பாவிடம் உன் படிப்பைப் பற்றிச் சொன்னேன். உனக்கு ஒரு பயிற்சி கொடுக்கச் சொன்னார். மகராசிக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறான் என்று வைத்துக்கொள். என்ஜின் அறையில் வேலை. தங்கையைக் கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு அவன் ஒரு கடிதம் எழுதுகிறான். அது எப்படி இருக்கும்? பெயர்கள் எதுவும் வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம் எழுதி அனுப்பு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தங்கச்சி

மே 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவா கேட்டார்? நம் அப்பாவா? உள்ளே வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்க வராத மனிதர், எனக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னாரா? நெஞ்சு நிறைந்துவிட்டது, போ. அம்மாவின் முழங்காலை விசாரிக்கக்கூட மறந்து இந்தப் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டேன். இதோ:

‘மாப்பிள்ளைக்கு, என்ஜின் அறைச் சூட்டிலிருந்து வருங்கால மச்சான் எழுதுவது. நீங்கள் நலமா? உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் என் தங்கைக்குப் பிடித்திருக்கிறது என்றால் நீங்கள் நல்லவராகத்தான் இருக்க வேண்டும், அவள் லேசில் யாரையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவளுக்குக் கோபம் வந்தால் சண்டை போட மாட்டாள், பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள். அப்போது எதுவும் பேசாமல் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து வையுங்கள். கடைசிப் பாத்திரம் வருவதற்குள் சிரித்துவிடுவாள். சின்ன வயதில் நான் செய்த வித்தை அது, இனி உங்களுடையது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. நான் வந்து பக்கத்தில் நிற்காமல் என் தங்கை கல்யாணம் நடக்கக் கூடாது. கப்பல் கரைக்கு வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுத்தவர் பூமி ஆள்வார்.’

எப்படி இருக்கிறது? வகுப்பில் படித்துக் காட்டினேன். அடிதடி ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சளி என்றான். பாத்திர விஷயம் உன்னிடம் கடன் வாங்கியது, கோபித்துக்கொள்ளாதே. அப்பா படித்துவிட்டு என்ன சொன்னார் என்று அவசியம் எழுது.

அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போதுதான் அனுப்புகிறேன்.

அது பயிற்சி இல்லை. உனக்கு இந்நேரம் புரிந்திருக்கலாம்.

என்னைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். நில அளவைத் துறையில் சர்வேயர். அதிகம் பேச மாட்டார். நடந்து போகும்போது இந்தச் சுவர் இத்தனை அடி என்று முனகிக்கொண்டே வருவார், கேட்டால் வெட்கப்படுவார். எனக்குப் பிடித்திருக்கிறது, அண்ணா. அவரிடம் அப்பா, பையன் கப்பலில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு, “ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சர்வேயர், உங்கள் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் நிறைவாக இருக்கும் என்றார். அதனால்தான் அந்தப் பயிற்சி. நீ எழுதியதை அப்பா உட்கார்ந்து தன் கையெழுத்தில் பிரதி எடுத்தார். விடுமுறையில் வந்த கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லிக் கொடுத்தோம். நிபந்தனை வரியை எடுத்துவிடச் சொல்லி அப்பா சொன்னார். நான்தான் விடவில்லை. அந்த வரியை நீ எனக்கே எழுதியதுபோல் இருந்தது. என் முட்டாள்தனம்.

அவர் படித்துக் கண் கலங்கிவிட்டார். “இப்படி ஒரு மச்சான் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். அவர் வராம கல்யாணம் வேண்டாம். எவ்வளவு நாளானாலும் காத்திருக்கேன்” என்றார். இப்போது பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், கப்பல் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று. அப்பாவுக்கு வாயில் வந்த துறைமுகத்தையெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது.

என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கச்சி

ஜூலை 30

தங்கச்சிக்கு,

நலம். பரீட்சை நேரம், அதனால் எழுதவில்லை. அது முழு உண்மை இல்லை. எழுதப் பிடிக்கவில்லை.

அம்மா பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கீழ் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைப் பேசிவிட்டுப் போனாள். நானும் பூனையைப் பற்றியே கேட்டேன்.

அப்பா சொன்ன ஆயிரத்தில் நான் எத்தனையாவது பொய் என்று கேட்டுச் சொல். கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் கோபம் உன் மேல் இல்லை. அப்பா என் கடிதத்தைக் கேட்டார் என்று துள்ளினேனே, அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

நான் சொல்வது ஒன்றுதான். அவரிடம் சொல்லிவிடு. பாத்திரம் துடைப்பதைப் படித்துக் கண் கலங்குகிறவர் குதிரை வைத்தியர் ஜாதி, வக்கீல் ஜாதி இல்லை. நான் அடுத்த வருஷம் வெளியே வந்துவிடுவேன். அவர் முன்னால் வந்து நின்று, வேண்டுமானால் கை கூப்பிக் கேட்கிறேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் எதுவும் இல்லை.

சொல்லத்தான் போனேன். அவருடைய அலுவலகத்துக்கே போனேன். மேஜையெல்லாம் வரைபடம். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, எதிர் மேஜை ஆளைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: “பாவம், நல்ல மனுஷன். மாமனார் ஜெயில்ல இருக்கார். எங்க யாருக்கும் அவர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. அவர் வந்தா பேச்சு நின்னுடும்.” பிறகு, “சரி, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?” என்றார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, அண்ணா. நல்லவர்களுக்கும் பேச்சு நின்றுவிடுகிறது.

உன்னிடம் இன்னொன்றும் மறைத்தேன். யாரும் கேட்டு வரவில்லை என்று எழுதினேன். இவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரிடமும் நான்தான் சொன்னேன், மகராசியைப் போலவே, நேருக்கு நேர். முதலாமவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாமவருடைய அம்மா எங்கள் லேப்புக்கே வந்து, எல்லோர் முன்னாலும், “கொலைகாரன் வீட்டுப் பொண்ணு” என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டு அச்சு என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அதற்கு அப்புறம்தான் அப்பா உன்னைக் கப்பலில் ஏற்றினார். அவர் மேல் கோபப்படாதே.

மூன்றாவது முறை சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. பொய்யோடு காத்திருக்கவும் முடியவில்லை. இவரை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

நீ இதை நினைத்து வருந்தாதே. படி.

தங்கச்சி

செப்டம்பர் 5

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ வேண்டாம் என்று சொல்வதற்குள் இது வந்து சேர வேண்டுமே என்ற பதைப்பில் எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

பரீட்சையில் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. மகராசி வக்கீலிடம் உண்மையைச் சொன்னது சரியா? சரி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மார்க் வரும். கட்டுரைக்கு அது சரிதான். ஆனால் மகராசி உன்னைப் போல் லேப்பில் வேலை பார்க்கவில்லை.

நீ கேட்காத ஒரு பயிற்சியை இத்துடன் எழுதியிருக்கிறேன். அப்பாவையே பிரதி எடுக்கச் சொல். ஒரு வரியையும் நீக்கக் கூடாது. போன தடவை நான் சேர்த்த வரியால் வந்த வினை இது, இந்தத் தடவை நான் சொல்வதைக் கேள்.

‘உங்களுக்கு, நீங்கள் எனக்காகக் காத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வீண் வேலை. எனக்கு இந்தத் துறைமுகத்திலேயே குடும்பம் அமைந்துவிட்டது. திரும்பும் எண்ணம் இல்லை. முன்பு எழுதியது ஏதோ குடிபோதையில் எழுதியது. அடுத்தவன் வாய்க்குப் பல் செய்து பிழைக்கும் தங்கையையும், வாழ்நாள் முழுக்கக் கும்பிடு போட்டு முதுகு வளைந்த அப்பாவையும் என் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவளைக் கட்டுவதும் கட்டாததும் உங்கள் தலையெழுத்து. அந்த வீட்டின் நல்லது கெட்டது எதற்கும் என்னைக் கூப்பிட வேண்டாம்.’

இதைப் படித்தால் அவருக்குக் கோபம் வரும். வர வேண்டும். நல்ல மனிதருக்கு உன் பொருட்டுக் கோபம் வந்துவிட்டால், அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்.

பயிற்சித் தாளை முதலில் தனியாகக் காட்டியபோது கடித அதிகாரி, “இது யாருக்குய்யா?” என்று கேட்டார். “பாடத்துக்கு, ஐயா” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பாத்திரத்தை உடைத்துவிடாதே. சந்தோஷமாக இரு.

அண்ணன்

டிசம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சை முடிவு வந்திருக்கும். நீ தேறியிருப்பாய்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம், இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் கூட்டம். நீ நினைத்தபடிதான் நடந்தது. கடிதத்தைப் படித்ததும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “இப்படி ஒரு ஜென்மத்துக்காகவா நாம காத்திருந்தோம்? இனிமே உனக்கு எல்லாம் நான்தான்” என்றார். அந்த வாரமே தேதி குறித்துவிட்டார்.

அதைப் பிரதி எடுக்கும்போது அப்பா பேனாவை நிறுத்தினார், முதுகு வளைந்த என்ற இடத்தில். “இத அவன் நெஜமாவே நெனச்சிருப்பானோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். மீதியை எழுதி முடித்துவிட்டு வெளியே போனார். உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு தடவை சட்டை மாட்டினார், இரண்டு தடவையும் கழற்றிவிட்டார்.

என் வீட்டுக்காரர் என்னை நன்றாக வைத்திருக்கிறார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததால் லேப் வேலையை விட்டுவிட்டேன். புதிய வீட்டின் முகவரியை உனக்குத் தர முடியாது. அடுத்த வருஷம் நீ வெளியே வந்தால் எங்கே போவாய் என்று அம்மா கேட்டு அழுகிறாள். பெற்றவர்கள் வீட்டுக்குக்கூட நீ வர முடியாது, நாங்கள் அடிக்கடி போகிறோம். உன்னைக் கண்டால் அவர் வாசலிலேயே மறித்துவிடுவார், எனக்காக.

ஒன்றை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். கல்யாணமான புதிதில் அவர் உன்னைத் திட்டும்போது, நானும் ஒப்புக்கு இரண்டு வார்த்தை திட்டுவேன். மனதுக்குள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். நேற்று அவருடைய அத்தை வந்திருந்தார். “உன் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “ஒருத்தன் இருந்தான், எங்கள வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டான்” என்றேன். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது, உண்மையாகவே கோபம் வந்தது, அண்ணா. உன் மேல்தான் வந்தது. கப்பலில் இருப்பவன் மேல் என்று நினைத்துத்தான் தேடிப் பார்த்தேன், அவனுக்கும் உன் முகம்தான் இருந்தது.

நீ குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு.

தங்கச்சி